களமும் கண்ணும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



நாட்டார் கலை குறித்துப் பேசும்படி பணித்தீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது. எஸ்டோனியாவின் தலைநகரான தாலினில் 1969இல் தொடங்கி இன்றுவரை ஆடிவரும் லெய்கரித் என்னும் ஆட்டக் குழுவைப் பற்றியது இந்த உரை. எஸ்டோனியாவின் மக்கள்தொகை 13 லட்சத்தை ஒட்டியது. அவ்வளவு சிறிய நாட்டில் நாட்டார் ஆட்டம் குறித்த பதிவுகள் வியப்பூட்டும் அளவுக்குத் திரண்டிருக்கின்றன. ஓர் ஆட்டம் குடியானவர் வீட்டிலிருந்து புறப்பட்டு, புத்தகத்துக்குள் புகுந்து, விளையாட்டரங்குக்குப் போய், மறுபடியும் ஒரு முற்றத்துக்கு வந்து சேர்ந்த வழியை அங்கே அடி அடியாகத் தொடர முடிகிறது. அதனால்தான் இந்தத் தேர்வு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டார் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அது பழையதா புதியதா, அசலா மேடைக்காகச் செய்ததா என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். அந்தக் கேள்வி நம்மை வெகு தூரம் கூட்டிச் செல்வதில்லை. பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கத் தொடங்கும். களம் என்ற சொல் தமிழில் கதிரடிக்கும் இடத்தையும் குறிக்கும், ஆடும் இடத்தையும் குறிக்கும். எஸ்டோனியக் கதையும் நேராகவே ஒரு கதிரடிக்கும் களத்தில்தான் தொடங்குகிறது.

1. வீட்டுக்குள் இருந்த களம்

எஸ்டோனியாவின் பழைய குடியானவர் வீட்டில் சூளை அடுப்பு உள்ள அறை ஒன்று இருக்கும். அறுவடைக் காலத்தில் மழையும் ஈரமும் மிகுந்த நாடு அது. கதிரை வெயிலில் காயப்போட முடியாது. ஆகவே அந்த அறையின் உயரத்தில் கழிகளைப் பரப்பி, கதிர்க்கட்டுகளை அவற்றின் மேல் அடுக்கி, அடுப்பின் சூட்டிலும் புகையிலும் உலர்த்துவார்கள். பக்கத்திலேயே அதே கூரையின் கீழ், கதிரடிக்கும் கூடம். அதற்கு ரெஹெயலுனே என்று பெயர். போரடிப்பு முடிந்ததும் வீட்டிலேயே அகலமான இடம் அதுதான். குளிர்கால விருந்துகளும் கல்யாண ஆட்டங்களும் அங்கே நடக்கும். இன்றும் ஆடப்படும் ஓர் ஆட்டத்தின் பெயரிலேயே ரெஹெயலுனே என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் களத்தில் என்ன ஆடினார்கள்? லபாயல்க் என்ற ஆட்டத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பாதத்தின் தட்டையான பகுதி என்பதே அந்தப் பெயரின் பொருள். மூன்று தட்டு அளவையில் அமைந்த இணையாட்டம் அது. பாதம் தரையை விட்டு எழும்பாது. முழுப் பாதமும் தரையில் படிந்து, முழங்கால் இளகி, உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு வழுக்கிப் போகும். காலில் அணிவது பாஸ்த்லத். ஒரே தோல் துண்டின் ஓரங்களைச் சுருக்கி, வாரைக் கோத்து, கணுக்காலில் சுற்றிக் கட்டும் மெல்லிய காலணி. அதற்குக் குதியுயரம் கிடையாது. தரையின் மேடுபள்ளம் அத்தனையும் காலுக்குத் தெரியும். இணை சுழன்றபடியே களத்தைச் சுற்றி வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வேறுபாடு சொல்வது கடினம்.

எட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதில் சிறிது நேரத்திலேயே சலிப்புத் தட்டும். ஆடுபவருக்குச் சலிப்பதில்லை. பாரம் எந்தக் கணத்தில் மாறுகிறது, இணையாளின் கை எங்கே இறுகுகிறது, பக்கத்து இணை எவ்வளவு நெருங்கி வந்துவிட்டது என்று அவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஏதோ நடக்கிறது. தென் எஸ்டோனியாவின் ஓய்கே யா வசெம்பா என்ற ஆட்டத்தின் பெயருக்கு ‘வலமும் இடமும்’ என்று பொருள். வலக்கையைக் கோத்து ஒரு சுழல், இடக்கையைக் கோத்து ஒரு சுழல். இதன் நுட்பமும் கை கோத்தவருக்கே தெரியும். பார்ப்பவருக்கென்று தனியிடம் இல்லாத ஆட்டங்கள் இவை. சுவரோரம் நிற்பவர் அடுத்த பாட்டுக்குக் களத்தில் இறங்கப் போகிறவர். ஆட்டத்தில் வித்தியாசம் காட்ட வேண்டிய கட்டாயமோ, உச்சம் என்ற ஒன்றோ, இன்ன இடத்தில் முடிய வேண்டும் என்ற கணக்கோ இல்லாததற்கு இதையே முதற்காரணமாகக் கொள்கிறேன்.

2. குறிப்பேட்டின் கண்

இந்தக் களம் காலங்காலமாக அசையாமல் இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் பரவிய ஹெர்ன்ஹூத் சகோதரர்களின் பக்தி இயக்கம் ஆட்டத்தையும் தோற்பை இசைக்கருவியையும் பாவமென்று ஒதுக்கியது. தொருபில்ல் எனப்படும் அந்தக் கருவி பல ஊர்களில் அடியோடு மறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் போல்கா வந்தது. துருத்தி வைத்த கைப்பெட்டி வாத்தியம் அதன் பின்னால் பரவியது. ஆகவே தொகுப்பாளர்கள் ஊருக்குள் வந்தபோது அவர்கள் கண்டது உடைந்தும் கலந்தும் கிடந்த ஒரு மரபு.

தொகுப்பாளர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அன்னா ரவுத்காத்ஸ் (1886–1965). 1913இல் தென்கிழக்கு எல்லையிலுள்ள செத்தோமா பகுதியில் ஆட்டங்களைத் தேடி எழுதினார். அதே ஆண்டில் யோஹான்னெஸ் பாசுகே என்ற புகைப்படக்காரர் அதே பகுதியைத் திரைப்படக் கருவியில் பதிவு செய்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1927இல் தார்த்து நகரில் எஸ்டோனிய நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகம் அமைந்தது. 1938இல் ருதோல்ஃப் போல்த்மாயேயும் ஹெர்பர்ட் தாம்பெரேயும் தேர்ந்தெடுத்த ஆட்டங்களின் தொகுப்பை வெளியிட்டார்கள். 1953இல் உல்லோ தோமியின் பெருநூல் வந்தது.

இந்த உழைப்பு இல்லையென்றால் இன்று பேசுவதற்கே எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் ரவுத்காத்ஸ் உடற்பயிற்சி ஆசிரியரும்கூட. அவருடைய கண் பள்ளி வகுப்புக்குப் பழகிய கண். எத்தனை அடி, எந்தக் கால் முதலில், எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் எழுத்தில் அழகாக அமர்ந்துகொண்டன. எத்தனை முறை திரும்பத் திரும்ப ஆடுவது, யார் தன் மனம்போலச் சேர்த்துக்கொள்ளலாம், எப்போது நிறுத்துவது என்பவை எழுத்துக்குள் வரவில்லை. இதில் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே நின்று பார்க்கும் ஒருவர் முதன்முறையாகக் களத்துக்குள் வந்துவிட்டார் என்பதுதான் இங்கே நடந்தது. எழுதப்பட்டவுடன் ஆட்டத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கிடைத்துவிட்டன. நாட்டின் எந்த மூலையிலும் இருவர் ஒரே மாதிரி ஆடலாம் என்ற நிலை அதன் பிறகே பிறந்தது.

3. மேலிருந்து பார்ப்பது

1934 ஜூனில் தாலினில் ‘எஸ்டோனிய விளையாட்டுகள்’ என்ற பெருவிழா நடந்தது. நாட்டார் உடையில் சுமார் 1,500 பேர் திறந்த வெளியில் ஒன்றாக ஆடினார்கள். இன்றைய ஆட்டவிழாக்கள் தம் கணக்கை அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. பாட்டுவிழா அதற்கும் மூத்தது. 1869இல் தார்த்துவில் தொடங்கியது. ரவுத்காத்ஸ் 1933இல் அமைத்த துல்யாக் என்ற ஆட்டம் இந்த வரலாற்றில் தனியிடம் பெற்றது. மீனா ஹார்மாவின் சேர்ந்திசைப் பாடலுக்கு, தாம் தொகுத்த பழைய அடிகளை இணைத்து அவர் அதை உருவாக்கினார். ஒரே ஆசிரியரின் படைப்பு அது; ஆனாலும் இன்று எஸ்டோனியர் பலருக்கு நாட்டார் ஆட்டம் என்றதும் மனத்தில் வருவது துல்யாக்தான்.

விளையாட்டரங்கில் பார்ப்பவர் எங்கே இருக்கிறார்? உயரத்தில், படிக்கட்டு வரிசையில். அங்கிருந்து முழங்கால் இளகுவது தெரியாது. கை இறுகுவதும் தெரியாது. வட்டம் மலர்ந்து நட்சத்திரமாவது தெரியும். நூறு பாவாடைகள் ஒரே நொடியில் விரிவது தெரியும். ஆகவே ஆட்டம் அந்தக் கண்ணுக்கு ஏற்ப வளர்ந்தது. அடிகள் எளிமையாகி, கோலங்கள் பெருகின. ஒவ்வொரு குழுவும் மைதானத்தில் எந்தக் குறியில் நிற்க வேண்டும் என்பது முன்னமே வகுக்கப்படுகிறது. தன் வரிசை எந்த உருவத்தின் எந்தக் கோடு என்று ஆடுபவருக்கு அங்கே நின்றபடி தெரிய வழியில்லை. மேலே நின்று பார்த்து ஒலிபெருக்கியில் சொல்பவருக்கே தெரியும். 2019இல் இந்த விழாவில் 10,000க்கும் மேற்பட்டோர் ஆடினார்கள்.

இதனோடு இன்னொரு கண்ணும் சேர்ந்தது. 1937இல் மாஸ்கோவில் இகோர் மொய்சேயெவ் தொடங்கிய நாட்டார் ஆட்டக் குழு, பாலே பயிற்சி பெற்ற கால்களைக் கொண்டு நாட்டார் ஆட்டத்தை மேடைக்கு ஏற்றியது. சோவியத் நாடெங்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. மேடையில் பார்ப்பவர் முன்னால் மட்டும் இருக்கிறார். அதனால் உடல் முன்பக்கம் திரும்புகிறது, கால் உயர்கிறது, புன்னகை அவையை நோக்கி நிலைக்கிறது. எஸ்டோனியா சோவியத் ஆட்சிக்குள் போனபின் அங்கே கற்பிக்கப்பட்ட நாட்டார் ஆட்டத்திலும் இந்த நிமிர்வும் தாவலும் குடியேறின. முழுப் பாதமும் தரையில் படிய நடக்கும் லபாயல்க் இந்த மேடையில் எடுபடாது. அது அழகற்றது என்பதாலன்று. பத்தாவது வரிசைக்கு அதன் அழகு போய்ச் சேராது.

விளையாட்டரங்க விழாவை நான் தாழ்த்திச் சொல்வதாக யாரும் கொள்ளக் கூடாது. ஆட்சி எந்த முழக்கத்தை எழுதி வைத்தாலும், பல்லாயிரம் பேர் தங்கள் ஊர் உடையில் ஓரிடத்தில் கூடி நின்றது அம்மக்களுக்கு ஒரு காப்பாக இருந்தது. எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்று நாடுகளின் பாட்டு, ஆட்ட விழாக்களையும் யுனெஸ்கோ 2003இல் போற்றி அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது தகுதியான மதிப்பே.

4. முற்றத்துக்குத் திரும்பியவர்கள்

இந்தப் பின்னணியில்தான் 1969ஐப் பார்க்க வேண்டும். தாலினின் மேற்கே, கடலோரமாக, ரொக்கா அல் மாரே என்ற இடத்தில் எஸ்டோனியத் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1957இல் நிறுவப்பட்டு 1964இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மரத்துக்கு மரம் பொருத்தி அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு ஆட்டத்தையும் பாட்டையும் திருப்பித் தருவது போல, ஆட்ட ஆய்வாளரான கிறிஸ்தியான் தோரோப் அங்கே லெய்கரித் குழுவை உருவாக்கினார். ஆடுபவர், பாடுபவர், வாசிப்பவர் எல்லாரும் ஒரே குழு. ஆட்டம் அவர்களுக்குப் பிழைப்பு அன்று. வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்கள்.

தோரோப் செய்த தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பார்ப்பவரின் இடத்தை அவர் மாற்றியது விளங்கும். ஆட்ட இடம், பண்ணைவீட்டு முற்றம். பார்க்க வந்தவர் சில எட்டுத் தொலைவில், அதே தரையில், வட்டத்தைச் சுற்றி நிற்கிறார். முன்பக்கம் என்ற ஒன்று இல்லை. ஆடுபவரின் முகம் இணையாளைப் பார்க்கிறது. இந்தத் தொலைவில் பாஸ்த்லத் தரையில் உராயும் ஓசை காதில் விழும். லபாயல்க் ஆட்டத்தில் பாரம் மாறும் கணம் கண்ணில் படும். எழுபது மீட்டருக்கு அப்பால் செத்துப்போகும் நுட்பம் இங்கே உயிரோடு இருக்கிறது. காலை உயர்த்த வேண்டிய அவசியமும் தானாகவே நீங்குகிறது.

உடையிலும் இதே நியாயம். மேடையில் நாட்டார் உடை என்பது நிறம். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி அணிந்தால் வரிசை எடுப்பாக இருக்கும். அருகிலிருந்து பார்க்கும்போது உடை வாசிக்கப்படுகிறது. எஸ்டோனியாவின் பல வட்டாரங்களில் முன்றானைத் துணி, அதாவது பாவாடைக்கு மேல் இடுப்பில் கட்டும் துணி, கல்யாணமான பெண்ணுக்கே உரியது. தலையில் வைக்கும் தனு என்ற வெள்ளைத் துணிக் குல்லாவும் அவ்வாறே. கல்யாணத்தன்று சடங்கோடு மணப்பெண்ணுக்கு அதை அணிவிப்பார்கள். கிஹ்னு தீவுப் பெண்களின் கோடு போட்ட கம்பளிப் பாவாடையோ வாழ்க்கைக் குறிப்பேடு போன்றது. மகிழ்ச்சியில் சிவப்பு ஓங்கும். துக்கம் நேர்ந்தால் கறுப்பும் கருநீலமும் வரும். துக்கம் ஆற ஆற, சிவப்புக் கோடு கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பி வரும். இப்படிப் பேசும் உடையைப் பொதுவான சீருடையாக்கினால் என்ன போகிறது என்பதை அருகில் நிற்கும் கண்ணால் மட்டுமே உணர முடியும். வட்டாரம் வட்டாரமாக உடையைப் பிரித்து அணியும் பழக்கம் முற்றத்தில் ஆடும் குழுவுக்கு ஏன் இயல்பாகிறது என்பதற்கு விடை இதிலிருக்கிறது.

தோரோப் களத்தை மட்டும் நம்பியவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பதிவுகளை ஒப்பிட்டு, ஆட்டங்களை வட்டாரவாரியாக மீட்டவர். 105 எஸ்டோனிய ஆட்டங்களை விளக்கும் அவருடைய ‘வீரோன் வக்கா’ 1991இல் பின்லாந்தில் வெளியாயிற்று. குறிப்பேட்டில் எழுதப்படாமல் போனதை முற்றத்தில் ஆடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எத்தனை சுற்று ஆடினால் இணைக்கு ஆட்டம் கைவரும் என்பதை எந்த நூலும் சொல்லாது. ஆய்வாளரும் ஆடுபவரும் ஒரே குழுவில் இருந்ததால் புத்தகத்தைத் திருத்தும் உரிமை காலுக்கும் கிடைத்தது. லெய்கரித் மரபில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

5. மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: அருங்காட்சியக முற்றமும் ஒரு மேடைதானே? அனுமதிச் சீட்டு வாங்கி வந்த சுற்றுலாப் பயணிக்காகத்தானே ஆடுகிறார்கள்? இந்த மறுப்பில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். முற்றத்தில் நிற்கும் வெளிநாட்டார் சுவரோரம் நின்ற பழைய கல்யாண விருந்தாளி ஆகிவிட மாட்டார். அவருக்காக ஆட்டங்கள் சுருங்குகின்றன, நிகழ்ச்சிக்கு நேரக் கணக்கு உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு அழியாமல் நிற்கிறது. விளையாட்டரங்கில் மேலே இருப்பவர் கீழே வந்து சேர்ந்துகொள்ள வழி இல்லை; வந்தால் கோலம் கலையும். முற்றத்தில் பார்ப்பவரின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுக்கலாம், ஆட்டம் கெடாது. யாரும் இழுக்காத நாளிலும், இழுக்க முடியும் என்பதே அந்த ஆட்டத்தின் அமைப்பை எளிமையாக வைத்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. பத்தாயிரம் பேர் ஆடும் விழா உயிருள்ள மரபு; சிறு குழு ஒன்று பழைய பதிவைப் பார்த்து ஆடுவது மீட்டெடுப்பு. எது மக்களுடையது? எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் விழாவே. ஆனால் அந்தப் பத்தாயிரம் பேரும் ஆண்டு முழுவதும் எங்கே ஆடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பள்ளிக் கூடங்களிலும் ஊர் மன்றங்களிலும் பத்துப் பன்னிரண்டு இணைகளாக, வாரந்தோறும் பயில்கிறார்கள். அங்கே அவர்களைப் பார்க்கும் கண், எதிரே நிற்கும் இணையாளின் கண் மட்டுமே. விழாவின் கோலம் மேலிருந்து பார்க்க வரையப்பட்டாலும், அதை ஆடும் உடல்கள் களத்தின் தொலைவில்தான் பழகுகின்றன. ஆகவே விழாவையும் முற்றத்தையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. 2025 விழாவுக்கு ‘இசெயோமா’ என்று பெயரிட்டு, வட்டார வழக்குகளையும் வட்டார மரபுகளையும் மையமாக வைத்தார்கள். வட்டாரம் வட்டாரமாகப் பார் என்று முற்றம் சொல்லிவந்ததற்கும் பெருவிழாவின் இந்தப் போக்குக்கும் உறவு உண்டென்றே நான் கருதுகிறேன். அதை நிறுவும் பணி இங்குள்ள மாணவர் ஒருவருக்கும் உரியதாகலாம்.

மூன்றாவது மறுப்பு: இடையில் அறுந்துபோன மரபை மீட்டபின் அதை மரபு என்று எப்படிச் சொல்வது? இதற்குத் தொருபில்ல் கருவியின் கதையையே விடையாகத் தருகிறேன். ஹீயுமா தீவைச் சேர்ந்த அலெக்சாந்தர் மாக்கர் (1890–1968) அந்தக் கருவியை மரபுவழியில் வாசித்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் மறைந்தபோது அதை வாசிப்பவராக ஓலெவ் ரோமெத் (1901–1987) ஒருவரே எஞ்சியிருந்தார் என்பார்கள். மாக்கர் இறந்த மறு ஆண்டில் லெய்கரித் தொடங்கியது. 1970களில் முதியவரான ரோமெத் இளைஞர் பலரை உட்கார வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அறுந்த இடத்தை மூடி மறைக்க அவர்கள் முயலவில்லை. இன்னாரிடம் கற்றோம், அவருக்கு முன் இன்னார் என்று முடிச்சு இருக்கும் இடத்தைக் காட்டியே வாசிக்கிறார்கள். ஒரு கையளவு மட்டும் மிஞ்சிய இழை அது. புதிய தோற்பைகளைத் தைத்து, புதிய குழல்களைக் கடைந்து, லபாயல்க்கின் மூன்று தட்டை மறுபடி அதில் ஊதியபோது, முற்றத்தில் தட்டைப் பாதங்கள் நகரத் தொடங்கின. அந்தக் கருவியில் காற்று நிற்பதில்லை. பையில் சேர்ந்த காற்று வாசிப்பவர் மூச்சு வாங்கும்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆடும் இணைக்கு நிற்க இடமில்லாமல் அடுத்த சுற்று தொடங்கிவிடும்.